பொருந்தாத பூக்கள்

வெள்ளைச் சுவருக்கும் எனக்கும் உள்ள பகை இந்தப் பக்கத்து வாசகர்களுக்குப் பழைய சங்கதி. இந்த வாரம் ஒரு வீட்டு அலங்கார இணைப்பிதழ் மறுபடி என் வாயைக் கிளறியிருக்கிறது. சுவரில் எதையும் மாட்டாதீர்கள், மனசு அமைதியாகும் என்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து யாருக்கு மனசு அமைதியானது?

சுவரை என்ன செய்வதென்று புகாரா, நுராத்தா, ஷாரிசப்ஸ் பக்கத்துப் பெண்களைத்தான் கேட்க வேண்டும். உஸ்பெகிஸ்தானத்தின் அந்த ஊர்களில் மகள் சிறுமியாக இருக்கும்போதே சீதனத்துக்கான சூசனி தொடங்கிவிடும். பருத்தித் துணியில் பட்டுநூலால் பூவும் கொடியும் நிறைத்தது. சுவரில் தொங்கும், மணமக்கள் படுக்கையில் விரியும். 1404-இல் சமர்கந்துக்கு வந்த காஸ்டீல் தூதர் கிளாவிஹோ, தைமூரின் கூடாரங்களில் பூவேலைத் திரைகளைக் கண்டு எழுதிவைத்தார். இன்று மிஞ்சியிருக்கும் சூசனிகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

என்னை மயக்குவது செய்முறைதான். கைத்தறித் துணி குறுகலாகத்தான் வரும். நாலைந்து பட்டைகளைத் தளர்வாக ஓட்டி இணைப்பார்கள். கலம்காஷ் எனப்படும் கைதேர்ந்த பெண் வந்து மொத்தத்துக்கும் பூவெழுதுவாள். பிறகு தையலைப் பிரித்து, அக்காள், அத்தை, சித்தி என்று ஆளுக்கொரு பட்டை. நூலை நீளமாகப் படுக்கவைத்துக் குறுக்கே சின்னத் தையலால் பிடிப்பது ஒரு வகை. நம் ஆரி வேலைபோலக் கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் ஓட்டுவது இன்னொன்று. நீலத்துக்கு அவுரி, அது இந்தியாவிலிருந்து போன சரக்கு. புகாராவில் அதில் நூல் தோய்த்துக் கொடுத்தவர்கள் யூதச் சாயக்காரர்கள்.

முடிந்ததும் பட்டைகளை மறுபடி சேர்ப்பார்கள். வேடிக்கை அங்கேதான். ஒரே பூவின் இடப்பாதி அடர்சிவப்பு, வலப்பாதி வெளிறல். இதழ் ஒரு விரற்கடை இறங்கி நிற்கும். விற்பவர்களிடம் இதற்குப் பக்தி விளக்கம் தயாராக இருக்கும்: குறையற்றவன் இறைவன் ஒருவனே, அதனால் வேண்டுமென்றே வைத்த குறை என்று. ஓர் ஓரத்தைத் தைத்து முடிக்காமல் விடும் வழக்கம் உண்டு, அது வேறு. பாதிப்பூ விஷயத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. அத்தை இறுக்கித் தைத்திருப்பாள், சித்திக்குக் கை தளர்ச்சி. முதல் தடவை தோய்த்த சிவப்பு இரண்டாம் தடவை கைகூடவில்லை. இதைக் கடவுள் கணக்கில் எழுதுவானேன்? அத்தைக்கும் சித்திக்கும் கிடைத்த ஒரே கையெழுத்து அது.

அருங்காட்சியக அட்டையிலோ ஊர்ப்பெயர்தான் இருக்கும், கலம்காஷின் பெயர் இருக்காது. அந்த ஊர்ப்பெயரும் பல சமயம் ஊகம்தான்.