கழிவுச் சேற்றை அரசே வாங்கட்டும்

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி இருக்கிறது கொச்சுவேளி. 1946இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் அங்கே தொடங்கிய டைட்டானியம் ஆலை, இல்மனைட் மணலைக் கந்தக அமிலத்தில் கரைத்து, பெயின்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடைப் பிரித்தெடுக்கிறது. மிஞ்சுவது இரும்பு கரைந்த அமிலநீர். பல பத்தாண்டுகளாக அது கடலுக்கே போனது. வேளிக் கரையில் அலை செம்பழுப்பாகப் புரண்டு வருவதை அக்கம்பக்கத்து மீனவக் குடும்பங்கள் பார்த்துச் சலித்துவிட்டன. கழிவைக் கட்டுப்படுத்த 2000களில் தீட்டிய பெருந்திட்டம் ஊழல் புகாரிலும் வழக்கிலும் சிக்கிக்கொண்டது. 2021 பிப்ரவரியில் ஆலையின் உலை எண்ணெய் கசிந்து கடலில் கலந்தது. வேளியிலும் சங்குமுகத்திலும் கடற்கரைக்கு யாரும் போகக்கூடாது என்று தடை போட வேண்டியதாயிற்று.

அந்த அமிலநீரில் சுண்ணாம்பைக் கலந்தால் அமிலம் அடங்கும், அடியில் செந்நிறச் சேறு தங்கும். சேற்றில் பெரும்பகுதி ஜிப்சம். நிறம் இரும்பினால் வருவது. சிமென்ட் ஆலையில் கிளிங்கரை அரைக்கும்போது, கலவை சட்டென்று இறுகிவிடாமல் இருக்க நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு ஜிப்சம் சேர்ப்பது வழக்கம். அதற்காக இந்தியா வெளிநாட்டிலிருந்தும் ஜிப்சம் தருவிக்கிறது.

கொச்சுவேளி ஆலை கேரள அரசுடையது. பாலக்காட்டை அடுத்த வாளையாறில் இயங்கும் மலபார் சிமென்ட்ஸும் அரசுடையதே. சாலையும் பள்ளிக்கூடமும் கட்டும் பொதுப்பணித் துறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பரிசோதித்துச் சொல்ல, திருவனந்தபுரத்திலேயே பாப்பனங்கோட்டில் மத்திய அரசின் தேசிய ஆய்வகமான நிஸ்ட் 1975 முதல் இயங்கிவருகிறது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே வீட்டார். கொடுக்கல் வாங்கல்தான் நிலைபெற வேண்டும். கழிவைச் சுமக்கும் ஆலைகளும் கட்டுமானம் செய்யும் துறைகளும் ஒன்றுக்கொன்று விற்று வாங்குவதை மாநில அரசு கட்டாயமாக்க வேண்டும்.

தொழில்நுட்பம் இல்லை என்ற சாக்கு எடுபடாது. கொச்சி அருகே அம்பலமுகளில் ஃபாக்ட் உர ஆலையின் பாஸ்போஜிப்சம் மலையாகக் குவிந்திருந்தது. அதைக் கண்ணாடி இழையோடு சேர்த்து 12 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட சுவர்ப் பலகைகளாக வார்த்தார்கள். அவற்றைக் கொண்டு சென்னை ஐஐடி 2013இல் தன் வளாகத்தில் இரண்டு மாடி வீடு கட்டிக் காட்டியது. செங்கல் அடுக்க வேண்டியதில்லை. கிரேனால் தூக்கி நிறுத்தி, உள்ளே இருக்கும் குழிகளில் தேவைக்கேற்பக் கான்கிரீட் நிரப்பினால் போதும். இத்தனை இருந்தும் அந்தப் பலகை ஊர் ஊராகப் பரவவில்லை. வழக்கமான கல்லையும் கம்பியையும் எழுதிப் பழகிய மதிப்பீட்டுத் தாளில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

அனல்மின் நிலையச் சாம்பலின் கதை இதற்கு நேரெதிர். 1990களின் நடுவில் நாட்டில் வெளியான சாம்பலில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை. 1999 செப்டம்பரில் மத்திய அரசு அறிவிக்கை போட்டது: மின்நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்பவர் மண்ணோடு சாம்பல் கலந்தாக வேண்டும். அந்தத் தூரம் பிறகு 100 கிலோமீட்டர் ஆனது, 300 ஆனது; 2021இல் அபராதமும் வந்தது. இன்று பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பயன்படுகிறது. எந்த ஹார்டுவேர் கடையிலும் சிமென்ட் மூட்டையைத் திருப்பிப் பார்க்கலாம். பிபிசி (PPC, போர்ட்லண்ட் பொஸோலானா சிமென்ட்) என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் அதில் இந்தச் சாம்பல் இருக்கும். சாம்பலின் வேதியியல் இந்த இருபது ஆண்டுகளில் மாறிவிடவில்லை. மாறியது அரசாணை.

கழிவைத் தேக்கி வைப்பதைப் பாதுகாப்பு என்று நினைத்த காலத்துக்கு ராணிப்பேட்டை முடிவு கட்டியிருக்க வேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்த பொது சுத்திகரிப்பு நிலையத்தின் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உள்படப் பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கொல்லம் மாவட்டம் சவறாவில், அரசின் மற்றொரு டைட்டானியம் ஆலையான கேஎம்எம்எல்லைச் சுற்றியுள்ள சிற்றூர் மக்கள், தேங்கிய கழிவால் கிணற்று நீரை இழந்து நிற்கிறார்கள்.

கழிவைக் கட்டுமானத்தில் சேர்ப்பதற்கு எதிராக ஒரு நியாயமான அச்சம் எழும்: ஆலைக்குள் கிடந்த நஞ்சை வீட்டுச் சுவருக்குள் கொண்டுவருவதா? அச்சத்தைத் தட்டிக்கழிக்கக்கூடாது. தோல் சேற்றில் குரோமியம் உண்டு. கேரளக் கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட்டும் கலந்திருக்கிறது. ஆகவே கனஉலோகம் நீரில் கசிகிறதா, கதிர்வீச்சு எவ்வளவு என்ற இரண்டு சோதனைகளும் ஒவ்வொரு தொகுதிக்கும் நடக்க வேண்டும். முடிவுகளை மலையாளத்திலும் தமிழிலும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பாஸ்போஜிப்சத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கெனவே வரம்பு வைத்திருக்கிறது. டைட்டானியம் சேற்றுக்கும் அதே கண்டிப்பு வேண்டும். தேறாத சேறு வீட்டுக்குப் போகக்கூடாது.

இதில் தமிழகத்துக்கும் அக்கறை உண்டு. கேரளத்தின் கட்டுமானத்துக்காகக் கன்னியாகுமரி, தென்காசி மாவட்டக் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் களியக்காவிளை வழியாகவும் புளியரை வழியாகவும் இரவுபகலாகப் போகின்றன. குமரியின் குன்றுகள் கரைவதை நாகர்கோவில்காரர்கள் கண்ணெதிரே காண்கிறார்கள். சோதனையில் தேறிய கழிவு பேவர் பிளாக்கிலும் சாலை அடித்தளத்திலும் சேரும் அளவுக்கு அந்த மலைகள் மிஞ்சும்.

கேரளப் பொதுப்பணித் துறை தன் அடுத்த விலைப்பட்டியலிலேயே இந்தப் பொருட்களுக்குத் தனி இனமும் விலையும் எழுத வேண்டும். அரசுக் கட்டடங்களில் குறைந்தபட்சப் பங்கையும் ஆணையாக நிர்ணயிக்க வேண்டும். தொடக்கமாக, கொச்சுவேளியின் ஜிப்சம் நிஸ்ட் சான்றிதழோடு வாளையாறுக்குப் போகட்டும். இரண்டு ஊரிலும் ரயில் நிலையம் இருக்கிறது.