ஒப்புரவும் ஒரு குவளைத் தேநீரும்

நகரத்திலே மனிதர் உளர், மனிதத்தன்மை இல்லை என்று கூறுதல் நம் எழுத்தாளர்க்கு வழக்கமாகிவிட்டது. கிராமம் என்றால் அன்பு, நகரம் என்றால் வஞ்சம் என்னும் வாய்பாடு மாணவர் கட்டுரைகளிலும் தவறாது இடம்பெறுகின்றது. பல்லாண்டுகள் அக்கட்டுரைகளுக்குத் தாராளமாகப் புள்ளி வழங்கியவன் யான். 2022ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே மாத்தளையில் எரிபொருள் வரிசையில் நின்ற பின்னரே அவ்வாய்பாட்டின்மேல் ஐயங்கொண்டேன்.

அவ்வாண்டு ஏப்பிரலிலே அரசு வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியதும், பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்குமாக மக்கள் நாட்கணக்கில் தெருவிலே கிடந்ததும் வாசகர் மறந்திருக்கமாட்டார். வரிசையில் நின்றவாறே உயிர் நீத்தாரும் உளர். யான் நின்றது இரண்டாம் நாள், உச்சிப்பொழுது. வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வர, குரலைத் தாழ்த்தித் தமிழிலே இரண்டொரு சொல் பேசினேன். தாழ்த்தியது ஏன் என்பதை மாத்தளைத் தமிழர்க்கு விளக்கவேண்டியதில்லை. 1983 ஆடியிலே முத்துமாரியம்மன் கோயில் எரியூட்டப்பட்டபோது யான் பள்ளிச் சிறுவன். அன்று படிந்த அச்சம் இன்னும் நாவைவிட்டு நீங்கவில்லை.

எதிர்வீட்டுச் சிங்கள மூதாட்டி ஒருவர் தட்டிலே குவளைகளுடன் வந்தார். வெறுந்தேநீர், உடன்கடிக்க உள்ளங்கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. ஏனையோர்க்குச் சிங்களத்திலே சொல்லிக் கொடுத்தவர், என்னிடம் வந்ததும், “குடிங்க ஐயா, வெயில் கூட” என்றார். என் தாழ்ந்த குரல் அவர் செவிக்கு எட்டியிருக்கின்றது! எட்டியதனால் விளைந்தது இதுதான். அவர் பெயரை யான் கேட்கவில்லை. என் பெயரை அவரும் கேட்கவில்லை.

இதனை ஈகை என்னலாமா? ஆகாது. வள்ளுவர் ஒப்புரவறிதலை இருபத்திரண்டாம் அதிகாரமாக வைத்து, ஈகையை அதன்பின் வைத்தார். ஈகையை அடுத்தே புகழ் வருகின்றது. ஈவோனுக்குப் புகழ் உண்டு. அம்மூதாட்டிக்கு அது எவ்வாறு வரும்? பெயரே எவர்க்கும் தெரியாதே! அவ்வாண்டு ஜூனிலே, 1996இல் உலகக்கிண்ணம் வென்ற அணியின் வீரர் ரொஷான் மகாநாம கொழும்பு வரிசைகளில் நின்றோர்க்குத் தேநீரும் பணிசும் வழங்கினார். அச்செய்தியை உலகம் படித்தது, படித்தல் தகும். ஆயினும், ஒரு சோற்றுப்பொதியைப் பத்துப்பேர் பிடித்துநின்று படம் எடுத்த காட்சிகளையும் அந்நாளிலே கண்டோம். அவற்றை எந்த அதிகாரத்தில் சேர்ப்பது என்று யான் அறியேன்.

சிங்கள மக்கள் வழிப்போக்கர்க்காகத் தெருவோரம் வைக்கும் தண்ணீர்ப் பானைக்குப் ‘பின்தாலிய’ என்று பெயர். ‘பின்’ என்பது புண்ணியம்; ‘தாலிய’ என்பதில் நம் ‘தாழி’ என் காதில் ஒலிக்கின்றது. நம்மவர் தண்ணீர்ப்பந்தலும் சுமைதாங்கிக் கல்லும் அவ்வினத்தனவே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்த தோட்டத் தொழிலாளருள் எண்ணற்றோர் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே மாண்டனர். அவ்வழியிலே ஒரு செம்பு நீரின் பெறுமதி யாது என்பதை மாண்டவரே அறிவர்.

ஒன்று கூறல் வேண்டும். இச்சிறு உதவிகளைப் போற்றுவதனால், மக்களை வரிசையில் நிறுத்தியோரை மன்னித்ததாகிவிடாது. தேநீர் கிடைத்தது என்பதற்காகப் பெற்றோல் இல்லாமற்போனமை நியாயமாகுமா? இரண்டு கணக்கையும் வெவ்வேறு ஏட்டிலேதான் எழுதவேண்டும்.

இத்தவணையும் என் மாணவர்க்கு ‘நகர வாழ்க்கை’ என்னும் பழைய தலைப்பையே கொடுத்தேன். பெயர் அறியாத ஒருவர் செய்த உதவி ஒன்றேனும் கட்டுரையில் வரவேண்டும் என்பது நிபந்தனை. வெறுமையாக எந்த ஏடும் வரவில்லை. கண்டிப் பேருந்தின் நெரிசலிலே, நின்றுவரும் பிள்ளையின் புத்தகப்பையைக் கேளாமலே தன் மடியில் வாங்கி வைத்துக்கொள்ளும் பெண்மணி பல ஏடுகளில் வருகின்றாள். நாள்தோறும் நிகழ்வதாதலின் அதனை ஓர் உதவியாக இதுவரை எண்ணியதே இல்லை என்று ஒரு மாணவி ஓரத்திலே குறித்திருந்தாள்.