மாவீரர்க்கு உற்ற தோழர்

சித்திரக்கதைகள் சிறுவர்க்கே உரியவை என்று தள்ளுவார் உளர். கலாசாலைச் சஞ்சிகையில் அவற்றை ஆராய்வதாற் பயன் யாது என்றும் அவர் வினவுவர். சிவகாசியில் 1972-ஆம் ஆண்டு முத்து காமிக்ஸ் தோன்றிய நாள் தொட்டு, தமிழ்ச் சிறுவர் பலர் இரும்புக்கை மாயாவியையும், மந்திரவாதி மாண்ட்ரேக்கையும், வேதாளரையும் படித்தே வளர்ந்தனர். இளமையில் விரும்பிப் படித்தவை நெஞ்சில் எத்தகைய எண்ணத்தை விதைத்தன என்று ஆராய்வது கற்றோர் கடனேயாம். அக்கதைகளில் மாவீரனைக் காட்டிலும், அவனருகே நிற்கும் சாமானிய மனிதனே நம் சிந்தனைக்கு உரியவன் என்பது என் துணிபு.

அமெரிக்க நாட்டில் 1938-ல் தோன்றிய சூப்பர்மேன் கதையை எடுத்துக்கொள்வோம். அவ்வீரன் வானிற் பறப்பான். துப்பாக்கிக் குண்டும் அவன் மேனியைத் துளையாது. அவனுக்கு ஜிம்மி ஓல்சன் என்றோர் இளைஞன் நண்பன். பத்திரிகைக்குப் படம் பிடிப்பது இவன் தொழில். அற்புத ஆற்றல் இயல்பாக ஒன்றும் இலன். ஆபத்து வந்துழி நண்பனை அழைப்பதற்குக் கைக்கடிகாரம் ஒன்று உண்டு, அவ்வளவே. ஆயினும், இவன் பெயராலேயே 1954 முதல் 1974 வரை தனிச் சஞ்சிகை ஒன்று வெளிவந்தது. காரணம் வெளிப்படை. படிக்கும் சிறுவன் சூப்பர்மேனைக் கண்டு வியப்பான். ஓல்சனிடத்தே தன்னைக் காண்பான்.

இத்தோழன் பகைவரிடம் கட்டுண்டு கிடப்பதற்கும், வீரன் வந்து மீட்பதற்குமே படைக்கப்பட்டவன் என்று குறை கூறுவர் சிலர். பல கதைகளில் அது மெய்யே. எனினும், மலையைப் பெயர்க்கும் கை எளியான் ஒருவனுடன் கைகோத்து நடக்குங்கால் தன் வலிமையை அடக்கக் கற்கிறது. அவ்வாறு அடக்கக் கற்ற வலிமையே அறத்துக்குத் துணையாகும்.

நிற்க. தோழன் எனப் பெயர் பெற்றார் யாவரும் தோழராக நடத்தப்பட்டாரல்லர். லீ ஃபாக் என்பவர் 1934-ல் தொடங்கிய மாண்ட்ரேக் கதையில் வரும் லொதார், உடல் வலிமையில் இணையற்றவன், மந்திரம் அறியாதவன். ஆப்பிரிக்க நாட்டு அரசிளங்குமரனாய்ப் பிறந்தும், ஆட்சியைத் துறந்து நண்பனைத் தொடர்ந்தவன். இத்தகையானுக்குத் தொடக்கத்தில் சிறுத்தைத் தோலை உடுத்து, கொச்சை மொழி பேசுவித்து, மாண்ட்ரேக்கை எஜமான் என்று அழைக்கவும் செய்தனர். 1965-ல் ஃபிரெட் ஃபிரெடெரிக்ஸ் சித்திரம் வரையப் புகுந்த பின்னரே அவன் உடையும் பேச்சும் திருந்தின. ஏவலாளனுக்குத் தோழன் என்று பெயரிட்டுவிட்டால் தோழமை வந்துவிடாது என்பதற்கு இது தக்க சான்று.

தோழனை ஏவலனாக்குவது வலியவன் செய்யும் பிழை. வலியவனைத் தொழுது விலகுவது எளியவன் செய்யும் பிழை. பின்னதற்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா நிகழும் நம் காரைக்காலின் வரலாறே போதும். புனிதவதியார் இறையருளால் மாங்கனி பெற்றதைக் கண்ட கணவன் பரமதத்தன், அவரைத் தெய்வமென அஞ்சினான், கலமேறிப் பிரிந்தான், பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்கு அம்மையாரின் பெயரையே சூட்டினான், அவர் வந்தபோது அடியிலும் வீழ்ந்தான். சேக்கிழார் உரைத்த பக்திப் பயனை யான் மறுத்திலேன். ஆயினும், உடனிருக்க வேண்டியவன் வணங்கி அகன்றமையால் அவ்வம்மையார் துணையற்று நின்றார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

கம்பர் காட்டும் குகனோ கங்கையில் ஓடம் விடும் வேடர் தலைவன். இராமன் பெருமையை அறிந்தும் அஞ்சி அகன்றானல்லன். தேனும் மீனும் ஏந்தி அருகே வந்தான். இராமனும் அவ்வன்பை ஏற்று, அவனைத் தன் உடன்பிறந்தாருள் ஒருவனாக எண்ணினான். பரதன் படையுடன் வந்தபோது, அவனைப் பகைவன் எனக் கருதி எதிர்த்துப் பொரவும் குகன் துணிந்தான்; பரதன் உள்ளம் அறிந்தபின் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டான். யோவான் சுவிசேஷத்தில் இயேசுநாதர் தம் சீடரை ஊழியர் என்னாது சிநேகிதர் என்று அழைத்தமையும், எஜமானன் செய்வது இன்னதென ஊழியன் அறியான் என்று அதற்குக் காரணம் காட்டியமையும் இவ்விடத்து நினைக்கத்தக்கன.

இவையெல்லாம் கதைப்பேச்சு என்று மாணாக்கர் எண்ணற்க. நடிகர் உருவப் பலகைகளுக்குப் பாலாபிஷேகம் செய்யும் நாடு நம் நாடு. தலைவரைக் கண்டவிடத்துத் தரையில் வீழ்வாரும் நம்மிடையே பலர். தவறு கண்டவிடத்து இடித்துரைத்தல் நட்பின் கடமை என்றார் வள்ளுவர். காலில் வீழ்ந்து கிடப்பவனுக்கு அக்கடமையை ஆற்றுதல் எங்ஙனம் இயலும்? அவன் மௌனத்தால் கெடுவது அத்தலைவர் மட்டுமோ? அவரை நம்பிய மக்களும் அன்றோ?

இக்கலாசாலையினின்று வெளியேறும் இளைஞருள் மிகச் சிலரே பெரும்புகழ் எய்துவர். ஏனையோர் அலுவலகத்திலோ, சபையிலோ, அரசியலிலோ, தம்மினும் ஆற்றல் மிக்கார் ஒருவர் அருகே பணிபுரிய நேரும். அப்பொழுது நீவிர் அவரைக் கண்டு அஞ்சி விலகாதீர்; தொழுது அடிமையாகவும் ஆகாதீர். அருகே நின்று மெய்யுரையுங்கள். அதற்கு வானிற் பறக்கும் ஆற்றல் வேண்டுவதில்லை. அன்பும் சிறிது துணிவும் போதும்.