குளத்தைக் கிண்ணமாக்க என் ஐயாயிரம் வராது

 பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

நம் பக்கத்துக் குளத்தின் "இரண்டாம் கட்டப் பணி"க்கு ஆளுக்கு ஐயாயிரம் என்று போன வாரம் குழுவில் செய்தி வந்தது. கூடவே கம்ப்யூட்டரில் வரைந்த படமும் வந்தது. சுற்றிலும் சிமென்ட் கரை, கல் பதித்த நடைபாதை, வரிசையாக விளக்கு, நடுவில் படகு. கடைசி வரியில் "நன்கொடையாளர் பட்டியலில் டீச்சர் பெயரை முதலில் போட்டிருக்கோம்" என்று இருந்தது. அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள் கண்ணுகளா. கோபத்தில் சொல்லவில்லை. காரணத்தோடு சொல்கிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் கட்ட வேலைக்கு மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. பங்குனி வெயிலில் ஜேசிபி இறங்கியபோது வண்டி ஓட்டிய தம்பிக்கு மோர் கரைத்துக் கொடுத்தேன். குளம் ஆழமானால் கிணறு ஊறும் என்று எல்லோரையும்போல நானும் சந்தோஷப்பட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிறைந்தது. எல்லோரும் படம் எடுத்துப் போட்டீர்கள், நானும் போட்டேன். அடுத்த பங்குனியில் பைனாகுலரை எடுத்துக்கொண்டு போனபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. தண்ணீர் இருந்தது, பறவை இல்லை. நாலு நீர்க்காகமும் ஒரு முக்குளிப்பானும் மிதந்தன. அவ்வளவுதான்.

ஏன் என்று சொல்கிறேன். நம் முன்னோர் வெட்டிய குளம் கிண்ணம் மாதிரி இருக்காது, சாய்த்து வைத்த தாம்பாளம் மாதிரி இருக்கும். மடைப் பக்கம், கரையை ஒட்டி ஆழம். எதிர்ப்பக்கம் போகப் போக முழங்கால், கணுக்கால், கடைசியில் வெறும் ஈரம். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்ற வற்ற இந்தச் சரிவில் தினமும் ஒரு முழம் புதுச் சேறு வெளியே வரும். அதில் புழு, பூச்சி, நத்தை. உங்கள் கண்ணுக்கு அது நாற்றமடிக்கும் சகதி. பறவைக்கு அது பந்தி.

அந்தப் பந்தியில் உட்காருகிறது யார்? கொசு உள்ளான் என்று ஒன்று இருக்கிறது. நம் வீட்டுச் சிட்டுக்குருவி அளவுதான், முப்பது கிராம்கூடத் தேறாது. அது முட்டையிடுவது ரஷ்யாவுக்கு மேலே, ஆர்க்டிக் ஓரத்தில். புரட்டாசி, ஐப்பசியில் இங்கே வரும். சித்திரை முடிவதற்குள் திரும்பக் கிளம்பிவிடும். கிளம்புவதற்கு முன்னால் வயிறாரத் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ள வேண்டும், அதுதான் அதற்கு வழிச் செலவு. பொரி உள்ளானும் பச்சைக்காலியும் பட்டாணி உப்புக்கொத்தியும் அப்படித்தான். இவற்றின் கால் உயரத்துக்கு மேலே தண்ணீர் இருந்தால் இறங்கி மேய முடியாது. எட்டடி ஆழத்தில் செங்குத்தாக வெட்டிய குளம் இவற்றுக்குப் பூட்டிய ஹோட்டல்தான். ஊருக்குக் கிளம்பும் மாதத்தில் நாம் பூட்டிவிட்டோம். தூர்வாருவதற்குக் குளம் வற்ற வேண்டும், வற்றுவது பங்குனியில். அதனால் பறவைக்குச் சாப்பாடு தேவைப்படும் அதே மாதத்தில்தான் ஜேசிபியும் வருகிறது. இந்தப் பொருத்தத்தை அன்று நான் யோசிக்கவில்லை.

இந்தக் கிளம்புதல் என்ன சாதாரணமா? 2022 அக்டோபரில் பிறந்து ஐந்தே மாதமான ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவில் கிளம்பி 11 நாள் எங்கும் இறங்காமல் பறந்து 13,560 கிலோமீட்டர் தாண்டி டாஸ்மேனியாவில் இறங்கியது. உடம்பில் கருவி கட்டியிருந்ததால் தெரிந்தது. நம் குளத்து உள்ளான் அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் போகாது. ஆனால் போகிற வழியெல்லாம் இந்த மாதிரிக் குளம் குளமாக நம்பித்தான் போகிறது.

ஸ்காட்லாந்தில் இருக்கும் நம் மாணவன் ஒருவன் "டீச்சர், இங்கே ஏப்ரலில் விரால் அடிப்பான் திரும்பி வந்துவிட்டது, ஊரே வேடிக்கை பார்க்கிறது" என்று படம் அனுப்பினான். நல்ல விஷயம். அங்கே லாக் கார்ட்டன் என்ற ஏரியில் 1958-இல் யாரோ முட்டையைத் திருடிவிட, மறு வருஷம் கூட்டுக்குக் காவல் போட்டு, பொதுமக்களையும் வந்து பார்க்க விட்டார்கள். இங்கே குளிர்காலத்தில் ஆத்தூர் காமராஜர் அணைப் பக்கம் போனால் அதே விரால் அடிப்பானை நீங்களும் பார்க்கலாம், காசு செலவில்லை. அவன் ஊர்ப் பறவை ஆப்பிரிக்காவிலிருந்து வருவது, நம் ஊருக்கு வருவது வேறு கூட்டம், ஆனால் சாதி ஒன்றுதான். தம்பி, அங்கே கூட்டுக்குக் காவல் இருப்பதைப் பார்த்துப் புல்லரித்த நீதான் இங்கே படகுக்கு முதல் ஆளாக ஐயாயிரம் போட்டிருக்கிறாய். பட்டியலில் பார்த்தேன்.

"பறவை பார்க்கத்தான் வேடந்தாங்கல் இருக்கே டீச்சர்" என்று சிலர் சொல்வீர்கள். வேடந்தாங்கலும் விவசாயத்துக்கு வெட்டிய ஏரிதான். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட ஊர்க்காரர்கள் வெள்ளைக்காரக் கலெக்டரிடம் போய் 1798-இலேயே பாதுகாப்புக்கு எழுதி வாங்கினார்கள். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி மக்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே யாரும் சிமென்ட் நடைபாதை போட்டுப் பறவையை வரவழைக்கவில்லை.

சட்டம் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 20 ராம்சார் தலங்கள் இருக்கின்றன, திண்டுக்கல் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. 2017-இல் வந்த மத்திய அரசின் ஈரநில விதிகளில், பாசனத்துக்காக மனிதர் வெட்டியது ஈரநிலக் கணக்கிலேயே வராது. அதாவது நம் குளம் சட்டப்படி ஈரநிலம் இல்லை. கொசு உள்ளானுக்கு அந்த விதி தெரியாது, அது பாவம் வந்து இறங்குகிறது.

இனி உங்கள் கேள்விகள். வயசானவர்கள் எங்கே நடப்பார்கள்? எனக்கும் சர்க்கரை இருக்கிறது, தினமும் நாற்பது நிமிஷம் நடக்கிறேன். மண் கரையில் நடந்தால் சர்க்கரை குறையாதா என்ன? கரையைப் பலப்படுத்துங்கள், சமமாக்குங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். நிலத்தடி நீர்? மடைப் பக்கத்தில் ஆழப்படுத்துங்கள், தப்பே இல்லை. அந்தக் காலத்தில் கோடையில் மாட்டு வண்டி கட்டி வண்டல் மண் அள்ளி வயலுக்குப் போட்டார்கள். குளமும் சுத்தமாச்சு, வயலும் விளைந்தது, சரிவும் போகவில்லை. உள்வாய்ப் பக்கம் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தொடாமல் விடுங்கள் என்கிறேன். விளக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். வலசைப் பறவைகளில் பாதிக்கு மேல் ராத்திரியில்தான் பறக்கும், வெளிச்சம் அதுகளுக்கு வழியைக் குழப்பும். கொசு வருவது சேற்றால் இல்லை, குளத்தில் விழும் சாக்கடையால்.

சாக்கடை என்றதும் ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தில் வரத்து வாய்க்கால் எங்கே? தேடித் தேடிப் பார்த்தேன், வரையவே இல்லை. சிறுமலைப் பக்கமிருந்து வரும் மழைத் தண்ணீர் குளத்துக்கு வந்து சேர வேண்டிய வழி அது. அதில் யார் யார் வீட்டுச் சுவர் நிற்கிறது, யார் யார் வீட்டுக் குழாய் விழுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதைத் தொட்டால் பக்கத்து வீட்டுக்காரன் முகம் பார்க்க மாட்டான். அதனால் தொட மாட்டோம். விளக்குக் கம்பத்துக்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், திறப்பு விழாப் படமும் நன்றாக வரும். தண்ணீர் வரும் வழியை விட்டுவிட்டுத் தண்ணீருக்குப் படகு வாங்கும் கணக்கை நான் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. யார் சொல்லித் தந்தது?

ஒப்பந்த வேலை எடுத்திருக்கும் என் மாணவன் இதைப் படிப்பான். உன் மேல் எனக்கு வருத்தமில்லை ராஜா. நாலாம் வகுப்பில் மத்தியானம் உங்களை அந்தக் குளத்துக்குக் கூட்டிப்போனபோது, நெடுங்கால் உள்ளானின் சிவப்புக் காலைப் பார்த்து "டீச்சர், அது மருதாணி வச்சிருக்கு" என்று கத்தினவன் நீ. என் நோட்டில் இன்னும் இருக்கிறது.

வரத்து வாய்க்காலைச் சுத்தம் செய்யும் வேலை என்று மாற்றி எழுதி அனுப்புங்கள், ஐயாயிரம் இல்லை, பத்தாயிரமாகத் தருகிறேன், ரசீது போதும். அதுவரை என் பெயர் பட்டியலில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு உள்வாய்ப் பக்கம் மிச்சமிருக்கும் துண்டுச் சேற்றில் நிற்பேன், நேற்று அங்கே ஆறு பொரி உள்ளான் இருந்தன. வருகிறவர்கள் செருப்பை நனையவிடத் தயாராக வாருங்கள். பைனாகுலர் ஒன்றுதான் இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.