நாற்காலியைக் காட்டி சாவியை ஒளிக்கிறார்கள்!

193 நாடுகள் அங்கம் வகிக்கும் சபை ஒன்று இருக்கிறது. அதன் சாசனம் 97-ஆவது பிரிவில் ஒரு தலைமை நிர்வாக அதிகாரியைப் பற்றிச் சொல்கிறது. அவர்தான் ஐ.நா. பொதுச் செயலாளர். அவரைத் தேர்ந்தெடுப்பது யார்? 193 நாடுகளும் கூடி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கின்றன என்று நம்மில் படித்தவர்களே நம்பிக் கொண்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் வல்லரசுகள் 80 ஆண்டுகளாக விற்றுக் காசாக்கி வருகின்றன!

அந்தோனியோ குட்டெரஸின் இரண்டாவது பதவிக்காலம் 2026 டிசம்பர் 31 வரைதான். அடுத்தது யார் என்ற பேச்சு எழுந்ததுமே ஒவ்வொருவரும் தங்கள் ஆளைத் தேடுகிறார்கள். ஒரு பெண் வரட்டும் என்கிறார்கள். லத்தீன் அமெரிக்காவின் முறை என்கிறார்கள். ஒரு முஸ்லிம் ஏன் வரக் கூடாது என்று நம் மேடைகளிலும் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1946 முதல் அந்த நாற்காலியில் அமர்ந்த 9 பேரில் ஒரு பெண் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. (எகிப்தின் பூட்ரஸ் காலியை முஸ்லிம் என்று எண்ணிப் பேசும் சொற்பொழிவாளர்கள் நம்மில் உண்டு. அவர் காப்டிக் கிறிஸ்தவர்.) ஆனால் யார் வர வேண்டும் என்று முழங்குகிற நாம், வரவிடாமல் தடுப்பது யார் என்று கேட்க மறந்து விடுகிறோம்.

நம் மாவட்டத்துக்கு இது ஏதோ தூர தேசத்துச் செய்தி அல்ல. 2006-ல் இந்திய அரசு நிறுத்திய வேட்பாளர் சசி தரூர். நமக்குச் சென்னையை விடப் பக்கத்தில் இருக்கும் திருவனந்தபுரத்தில் 2009-ல் எம்.பி. ஆனவர். அன்று ஐ.நா.விலேயே பொதுச் செயலாளருக்கு அடுத்த நிலை அதிகாரிகளில் ஒருவராக இருந்தார். ஒரு மலையாளி வரப்போகிறார் என்று எல்லைக்கு இந்தப் பக்கம் நம் சாயாக்கடைகளிலும் பேச்சு அடிபட்டது. நடந்தது என்ன? பாதுகாப்புச் சபையின் 15 உறுப்பினர்கள் மூடிய அறைக்குள் நான்கு முறை முன்னோட்ட வாக்கெடுப்பு நடத்தினார்கள். அக்டோபர் 2 அன்று நடந்த நான்காவதில் தரூருக்கு ஆதரவு 10, எதிர்ப்பு 3, கருத்தில்லை 2. ரத்து அதிகாரம் படைத்த ஐவருக்கு மட்டும் அன்று வேறு நிறச் சீட்டு. எதிர்ச் சீட்டு மூன்றில் ஒன்று அந்த நிறம்! அன்றைக்கே தரூர் விலகினார். 14 ஆதரவோடு தென்கொரியாவின் பான் கி மூன் வந்தார்.

அந்தச் சீட்டு அமெரிக்காவினுடையது என்று தரூரே பிற்காலத்தில் எழுதினார். அன்று ஐ.நா.வில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜான் போல்டன், 2007-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் இன்னும் வெளிப்படையாக உடைத்து விட்டார். பலமான ஒரு செயலாளர் நமக்கு வேண்டுமா என்றே அவருடைய வெளியுறவு அமைச்சர் கண்டலீசா ரைஸ் ஐயப்பட்டாராம். மளிகைக் கடைக்குக் கணக்கப்பிள்ளை தேடும் முதலாளிகூட கெட்டிக்காரன் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். சொல்கிறான் என்றால் கணக்கில் ஏதோ இருக்கிறது என்று பொருள்!

தரூருக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. அவர் வந்திருந்தால் என்ன கிழித்திருப்பார் என்பது வேறு விவாதம். வேறொன்றைக் கவனியுங்கள். அதே 2006-ல் ஜோர்டானின் இளவரசர் ஸைத் ராத் அல்ஹுசைன் நின்றார், ஆப்கானிஸ்தானின் அஷ்ரஃப் கனி நின்றார், இலங்கையின் ஜயந்த தனபால நின்று பாதியில் விலகினார். இவர்களில் யார் தகுதியானவர் என்று 193 நாடுகளில் 178 நாடுகளுக்கு ஒரு சொல் சொல்லும் வாய்ப்பும் இல்லை. (அன்று 192 நாடுகள், ஒன்றைக் கழித்துக் கொள்ளுங்கள்.)

இதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. நம் இளைஞர்கள் அறியாதது. 1981. தான்சானியாவின் ஸலீம் அஹ்மத் ஸலீம். ஸன்ஸிபாரில் பிறந்த முஸ்லிம், ஆப்பிரிக்காவின் வேட்பாளர். ஏற்கெனவே பத்தாண்டு பதவியில் இருந்த ஆஸ்திரியாவின் குர்ட் வால்ட்ஹைம் மூன்றாம் முறையும் கேட்டு நின்றார். முதல் சுற்றில் ஸலீமுக்கு 11 ஓட்டு, வால்ட்ஹைமுக்கு 10. வென்றவர் யார்? இருவருமே இல்லை! ஸலீமை அமெரிக்கா தடுத்தது. வால்ட்ஹைமைச் சீனா 16 முறை தடுத்தது. வாரக்கணக்கில் இழுத்து இருவரும் ஒதுங்க, யாரும் எதிர்பாராத பெரு நாட்டின் பெரெஸ் தெ குயேயார் வந்து அமர்ந்தார். 1971-ல் மக்கள் சீனம் சபைக்குள் நுழைந்த நாளில் ஸலீம் மகிழ்ந்து ஆடியதை அமெரிக்கா மறக்கவில்லை என்பது அந்தக் கால ராஜதந்திரிகள் சொல்லும் காரணம். ஐந்து ஆண்டு கழித்து, 1986-ல், வால்ட்ஹைம் ஹிட்லரின் படையில் பால்கன் பகுதியில் பணியாற்றியதை மறைத்திருந்தது உலகத்துக்குத் தெரிய வந்தது. நாஜிப் படையின் சீருடை அணிந்தவரைப் பத்தாண்டு சுமக்க முடிந்தவர்களுக்கு, ஸன்ஸிபார் முஸ்லிமை ஒரு நாள் சுமக்க முடியவில்லை.

வந்து அமர்ந்தவராவது நிம்மதியாக இருக்கலாமா? 1996 ஏப்ரல் 18 அன்று தெற்கு லெபனானின் கனா கிராமத்தில் ஐ.நா. முகாமுக்குள் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது இஸ்ரேல் குண்டு பொழிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கை தவறி விழுந்த குண்டு என்பது நம்பும்படியாக இல்லை என்று கூறிய ஐ.நா. அறிக்கையை, வெளியிட வேண்டாம் என்ற நிர்ப்பந்தத்தை மீறி, மே மாதம் பூட்ரஸ் காலி வெளியிட்டார். அடுத்த மாதமே அவருக்கு இரண்டாம் முறை கிடையாது என்று அமெரிக்கா அறிவித்தது. நிர்வாகச் சீர்திருத்தம் போதவில்லை என்பது அது சொன்ன காரணம். நவம்பர் 19 அன்று 14 நாடுகள் அவருக்கு ஆதரவு, எதிர்ப்பு ஒன்றே ஒன்று. ஒன்றே போதுமானதாக இருந்தது!

அமெரிக்காவை மட்டும் திட்டி விட்டுப் போனால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது முழு உண்மை ஆகாது. 2016 ஜூனில் ஏமன் குழந்தைகளைக் கொன்ற கணக்கில் சவூதி தலைமையிலான கூட்டணியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்த பான் கி மூன், சில நாட்களிலேயே அதை நீக்கினார். ஐ.நா.வுக்குத் தரும் பணம் நின்று விடும் என்ற மிரட்டலே காரணம் என்று அவரே பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டார். பலமில்லாத ஆளைத் தேடிப் பிடித்து வைத்தால், ரத்து அதிகாரம் இல்லாதவன்கூட அவர் கழுத்தைப் பிடிக்கலாம். ஹரம்களின் காவலர்கள் என்பதால் நாம் இதற்கு வேறு தராசு வைத்திருக்கிறோமா?

ஒரு சகோதரர் என்னிடம் வாதாடினார். "ஹஸ்ரத், உமர் (ரலி) அவர்களும் ஆறு பேர் கையில்தானே பொறுப்பை ஒப்படைத்தார்கள்? ஐந்து பேர் தேர்ந்தெடுப்பதில் என்ன குற்றம்?" கேள்வி சரியானது. பதிலையும் வரலாறு வைத்திருக்கிறது. உமர் (ரலி) தம் மகன் அப்துல்லாஹ்வை ஆலோசனைக்கு வரலாம், பதவியில் பங்கில்லை என்றார்கள். அந்த ஆறு பேரில் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) முதலில் தமக்குரிய உரிமையை விட்டுக் கொடுத்தார்கள். பிறகுதான் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கையில் எடுத்தார்கள். மதீனாவில் மக்களைச் சந்தித்துச் சந்தித்துக் கருத்துக் கேட்டார்கள். இந்த ஐவர் எதை விட்டுக் கொடுத்தார்கள்? எங்கள் நாட்டவர் யாரும் பொதுச் செயலாளர் ஆவதில்லையே என்பார்கள். உண்மைதான். நாற்காலியை விட்டு விட்டு அலமாரிச் சாவிகளை எடுத்துக் கொள்கிறார்கள்! அமைதிப்படைத் துறைக்கு 1997 முதல் பிரெஞ்சுக்காரர். அரசியல் விவகாரத் துறைக்கு 2007 முதல் அமெரிக்கர். நிவாரணத் துறைக்கு அதே ஆண்டு முதல் பிரிட்டிஷ்காரர். பொருளாதாரத் துறைக்குச் சீனர். பயங்கரவாத ஒழிப்புக்கு என்று 2017-ல் புதிதாக ஓர் அலுவலகம் திறந்தபோது ரஷ்யர். இதற்குப் பெயர் தேர்வாம்!

2016-ல் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது, மறுக்கவில்லை. முதன்முறையாக வேட்பாளர்கள் பொதுச் சபையின் முன் வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். 13 பேர் நின்றார்கள், அதில் 7 பேர் பெண்கள். கேள்வி கேட்கும் உரிமை எல்லோருக்கும் கிடைத்தது. தீர்ப்பு எழுதும் பேனா மட்டும் பழைய அறையிலேயே இருந்தது. ஆறு முன்னோட்ட வாக்கெடுப்பு, கடைசியில் ஒரே பெயர்.

இந்த ஒரே பெயர் எங்கிருந்து வந்தது? சாசனத்திலிருந்து அல்ல! பாதுகாப்புச் சபை பரிந்துரைக்க, பொதுச் சபை நியமிக்கும் என்பதோடு 97-ஆவது பிரிவு முடிந்து விடுகிறது. எத்தனை பெயர் என்று அது சொல்லவில்லை. ஒரே ஒரு பெயரைத் தந்தால் நல்லது, பதவி ஐந்தாண்டு, மீண்டும் ஒரு முறை தரலாம் என்றெல்லாம் 1946 ஜனவரியில் தீர்மானம் போட்டது பொதுச் சபையேதான். தன் கையில் தானே மாட்டிக் கொண்ட விலங்கு! பொதுச் சபையில் யாருக்கும் ரத்து அதிகாரம் கிடையாது. இரண்டு பெயர் தாருங்கள், ஒரே பதவிக்காலம் போதும் என்று நாளையே அது புதிய தீர்மானம் போடலாம். மறுமுறைக்காக ஐவரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத செயலாளர், முதல் நாளிலிருந்தே நிமிர்ந்து நிற்பார். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பில் 57 நாடுகள் இருக்கின்றனவே, எதற்கு? விருந்துண்டு கண்டன அறிக்கை விடுவதற்கா? காஸா போர்நிறுத்தத்தை 2023 டிசம்பர் 8 அன்று அமெரிக்கா ஒற்றைக் கையால் தடுத்தபோது நாம் ஊர் ஊராகப் போட்ட தீர்மானங்களில், இந்தக் கோரிக்கை ஒரு வரியாவது இடம் பெற்றதா?

நம் ஜமாஅத்துகளின் பக்கமும் வருகிறேன், சிலருக்குக் கசக்கும். பொதுக்குழு கூடும். ஊரே உட்கார்ந்திருக்கும். முந்திய இரவே நான்கைந்து பெரிய வீட்டார் ஒரு திண்ணையில் முடித்து விட்ட பெயரைச் செயலாளர் வாசிப்பார். தக்பீர் முழங்கும். "ஏகமனதாக" என்று மினிட் நோட்டில் எழுதுவார்கள். வளைகுடாவில் வெயிலில் காய்ந்து சந்தா அனுப்புகிறவனுக்கு அந்தப் பெயர் யார் என்றே தெரியாது. நியூயார்க் அறையைப் பற்றி ஜும்ஆ மேடையில் நான் பேசும்போது முன் வரிசையில் தலையாட்டுகிறவர்களில் அந்தத் திண்ணைக்காரர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் நீங்கள் எழுந்து இரண்டாவதாக ஒரு பெயரை முன்மொழியுங்கள். யார் முகம் முதலில் கறுக்கிறது என்று பாருங்கள்.