குழந்தையின் கணக்கு யார் கையில்?

பிழைப்புத் தேடி மும்பை வந்த நம் மக்களின் குழந்தைகளுக்குத் தடுப்பூசிக் கணக்கு பெரும்பாலும் பாதியில் அறுந்த கணக்குதான். பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியும் போலியோ சொட்டு மருந்தும் திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ. 6, 10, 14 வாரத்து ஊசிகள் இங்கே. 9ஆம் மாதத் தட்டம்மை ஊசிக்கு நாள் வரும்போது பொங்கலுக்கு ஊர் போயிருப்போம். அட்டை எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ! இதன் விலையை 2022 அக்டோபர், நவம்பரில் கோவண்டி கண்டது. தட்டம்மை பரவிற்று; குழந்தைகள் மாண்டனர். ஊசி போடாத பிள்ளைகளையே அது மிகுதியும் தாக்கியது.

ஆகவே கணினிப் பதிவை நாம் எதிர்க்கவில்லை. அங்கன்வாடிகளுக்கு 2021 மார்ச்சில் 'போஷன் டிராக்கர்' வந்தது. தடுப்பூசிக்கான 'யு-வின்' 2023 ஜனவரியில் 65 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, பிறகு நாடெங்கும் விரிந்தது. எந்த ஊரில் போட்ட ஊசியும் எந்த ஊரிலும் தெரியும் என்கிறது அரசு. நமக்கு இதைவிட வேண்டிய வசதி ஏது? 1985இல் தில்லியில் ரயில் முன்பதிவு கணினிக்கு மாறத் தொடங்கியது. இன்று தாதரில் நின்றுகொண்டு திருநெல்வேலியில் புறப்படும் வண்டிக்குச் சீட்டு வாங்குகிறோம். ஆனால் கணினி படுத்துவிட்டது என்று எந்தப் பயணியையும் வண்டியிலிருந்து இறக்கிவிடுவதில்லை. கையிலுள்ள சீட்டு சீட்டுதான்.

குழந்தைக்கு மட்டும் வேறு நியாயம். வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துணவுக்கு 2025 ஜூலை 1 முதல் முகப்பதிவைக் கட்டாயமாக்கினார்கள். முதலில் ஆதார், அடுத்து கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.; பிறகு மாதந்தோறும் வாங்க வருபவரின் முகம். அந்தக் கைபேசி எங்கே? கட்டட வேலைக்குப் போன கணவனின் சட்டைப் பையில். பெயரிலும் தொல்லை. 'மு. செல்வி' என்றால் குடும்பப் பெயர் என்ன என்கிறது படிவம். ஊரில் ஒரு பெயர், இங்கே தகப்பன் பெயரை வாலாக ஒட்டி இன்னொரு பெயர். கணினிக்கு அவர்கள் இரண்டு பேர்!

அங்கன்வாடி ஊழியரை ஏசிப் பயனில்லை. மதிப்பூதியத்துக்கு உழைக்கும் பெண்கள் அவர்கள். அரசு கொடுத்த கைபேசிகள் உதவாதவை என்று 2021 ஆகஸ்டில் மராட்டிய ஊழியர்கள் அவற்றைத் திருப்பிக் கொடுத்தே போராடினார்கள். கேள்வி மேலே உள்ளவர்களுக்கு: குழந்தை எடை குறைந்தது என்று தில்லிக்கு நொடியில் தெரிகிறதே, சத்துமாவு மட்டும் ஏன் முகம் பொருந்தும்வரை காத்திருக்க வேண்டும்?

ஆதார் எண் காட்டவில்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டப் பலனை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26இல் தீர்ப்பளித்திருக்கிறது. மறுத்தால் இதைச் சொல்லுங்கள். காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் சங்கத்துக்கு வாருங்கள்.

கணினியில் ஏற்றியாயிற்று என்று தாய்-சேய் அட்டையை யாரேனும் வைத்துக்கொண்டால், வாங்காமல் இடத்தைவிட்டு நகராதீர்கள். ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குவதானால், போகுமுன் அங்கன்வாடியில் சொல்லிப் பெயரை அந்த ஊருக்கு மாற்றச் சொல்லுங்கள். அதற்கு வழி அந்தச் செயலியிலேயே இருக்கிறது.

முகம் பொருந்தாவிட்டாலும் அட்டையைப் பார்த்து உணவு தர வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திடுங்கள். வரும்போது பிள்ளையின் அட்டையையும் எடுத்து வாருங்கள். விட்டுப்போன ஊசி எதுவென்று பார்த்துச் சொல்கிறோம்.