பார்த்தார், மறந்தார்!

முச்சந்தி. கார் ஓட்டி வந்தவர் வண்டியை நிறுத்துகிறார். வலப்பக்கம் பார்க்கிறார். தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. பிறகு இடப்பக்கம் பார்க்கிறார். அங்கே ஒரு லாரி, ஒரு கடைப்பலகை, சாலையைக் கடக்கும் ஒரு கிழவர். பாதை காலி என்று காரை எடுக்கிறார். மோதிவிடுகிறது!

"மோட்டார் சைக்கிளை நான் பார்க்கவே இல்லையே!" என்று பதறுகிறார். அடிபட்டவரின் வீட்டார் நம்புவார்களா? "பொய் சொல்கிறான்" என்பார்கள்.

பொய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை. அவர் பார்த்திருக்கலாம். பார்த்ததை மறந்திருக்கலாம். இரண்டு மூன்று வினாடிக்குள் மறதியா? ஆம்!

இங்கிலாந்தில் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். முடிவு 2019-ல் வெளியாயிற்று. நிஜச் சாலையில் அல்ல. ஆய்வுக்கூடத்தில், திரையில் சாலையைக் காட்டி, காரை ஓட்டச் சொன்னார்கள். கண் எங்கே போகிறது என்பதைக் கருவி குறித்துக்கொண்டது. பிறகு, "எந்த வண்டி வந்தது?" என்று கேட்டார்கள். காரைச் சொல்லாமல் விட்டதைப்போல் ஐந்து மடங்கு மோட்டார் சைக்கிளைச் சொல்லாமல் விட்டார்கள். மோட்டார் சைக்கிளை நேராகப் பார்த்தபிறகும் சொல்லாமல் விட்டதுண்டு!

காரணம் என்ன? கண்ட காட்சியைச் சிறிது நேரம் ஏந்தி வைக்க மூளையில் உள்ள இடம் மிகச் சிறியது. மூன்று நான்கு பொருள்களே அதில் தங்கும். புதிய காட்சி வந்தால் பழையது நழுவுகிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி அதைப் பிடித்து வைக்கப் போராடுகிறது. எப்போதும் வெல்வதில்லை. முதலில் கண்டபிறகு அங்குமிங்கும் அதிகம் பார்க்கப் பார்க்க, மறதியும் கூடிற்று. நாலாபுறமும் பார்த்து ஓட்டுகிற நல்லவருக்கே இந்த ஆபத்து என்பதுதான் வேடிக்கை!

அதற்காக, மோதியவர்மேல் பிழை இல்லை என்று ஆகிவிடாது. அடிபட்டவரின் கால் முறிந்தது முறிந்ததுதான்.

மருந்து எளியது. மோட்டார் சைக்கிளைக் கண்டதும் "பைக்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்கிறார்கள் அந்த ஆராய்ச்சியாளர்கள். காட்சிக்கும் சொல்லுக்கும் மூளையில் தனித்தனி இடம் உண்டு. லாரியும் கடைப்பலகையும் கண்ணில் பட்டாலும் சொல் அழிவதில்லை.

இங்கிலாந்தைப்போல் நம் நாட்டிலும் இடப்பக்கமே வண்டி ஓட்டுகிறோம். முச்சந்தியில் முதலில் வலப்பக்கம் பார்க்கிறோம். ஆகவே இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் முதல் நாளே இதைச் சொல்லித்தரலாம். காலணா செலவில்லை. பக்கத்தில் இருப்பவர் சிரிப்பாரே என்று கூச்சப்படவேண்டாம்.

மோட்டார் சைக்கிளில் வருகிறவரும் ஒன்றை மறக்கக்கூடாது. கார்க்காரர் தம்மை நேராகப் பார்த்திருந்தாலும், முச்சந்தியில் வேகத்தைக் குறைத்தே வரவேண்டும்.